மழை நாட்டுக்கு ஒரு பெட்டி

மே 3

என்னென்ன எடுத்து வரவேண்டும் என்று, ஆட்களை அனுப்பும் தொண்டு நிறுவனத்தின் பெங்களூரு அலுவலகத்திலிருந்து எழுதி அனுப்பிவிட்டார்கள். சீக்கிரம் காயும் பருத்தித் துணிகள், முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, கொசுவலை, டார்ச், எதையும் ஈரம் படாமல் கட்டிவைக்கப் பெரிய பிளாஸ்டிக் பைகள். அங்கே மழை பிடித்தால் அக்டோபர்வரை விடாதாம். அதற்காக வெக்கையும் குறையாதாம். கிளம்பும் வரைக்கும் நாலு வரியாவது எழுதிப் பழகுங்கள், அங்கே போனபின் துணையாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு மாதம். சியரா லியோன் நாட்டில், தலைநகரிலிருந்து வெகு உள்ளே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. லேப் டெக்னீஷியன் வேலை. சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு. திண்டுக்கல்லில் ஏழு வருடமாக ஒரே லேபில் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துச் சலித்துவிட்டது. வேறு இடம் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அம்மாவிடம் பெங்களூரில் ஆறு மாதப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். உண்மை அப்பாவுக்கு மட்டும் தெரியும்.

மே 6

பூட்ஸ் வாங்க அப்பாவும் வந்தார். கத்தரி வெயிலில் கடைவீதியே ஆளில்லாமல் கிடந்தது. கடைக்காரர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "என்ன வேலைக்குண்ணே? செப்டிக் டேங்கா, சிமெண்ட் கலவையா?"

"மழைக்கு."

"மழைக்கா? திண்டுக்கல்லுலயா?"

அப்பா பூட்ஸுக்குள் கையை விட்டுத் தையலைத் தடவிப் பார்த்தார். முப்பது வருடம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ரப்பரைப் பார்த்தால் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார். "இது ஒட்டுனது பாப்பா, ரெண்டு மழைக்குத் தாங்காது. வார்ப்புல வந்தது குடுக்கச் சொல்லு."

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவருடைய சிநேகிதர் ஒர்க்ஷாப்பில், பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்தோம். திரும்பி வரும்போது சொன்னார், "இன்னும் ஒரு தடவ யோசிச்சுக்க." நான் யோசித்துவிட்டேன் என்றேன். அதன்பிறகு வண்டி வீடு சேரும்வரை அவர் பேசவில்லை.

மே 9

புதுப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் பெரிய பெட்டி என்று ஒன்று இருந்தது. போனது திரும்பி வரவில்லை.

மே 12

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காகச் சென்னை போய் வந்தேன். அதைப் போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டை வாங்காவிட்டால் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அம்மாவிடம் லேப் மேடத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று சொன்னேன். "பட்டுச் சேலை கட்டிட்டுப் போ, கசங்குன சுடிதார்ல போகாத" என்று பீரோவைத் திறந்து அரக்குப் பட்டை எடுத்துக் கொடுத்தாள். பட்டுச்சேலையோடு வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

பொய் சொல்வதில் கஷ்டமானது பொய் இல்லை. அதற்குப் பிறகு வரும் கேள்விகள்தான். என்ன சாப்பாடு, மாப்பிள்ளை என்ன செய்கிறான், மண்டபத்தில் ஏசி இருந்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை கூட வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மே 15

காய்ச்சல் வந்துவிட்டது. ஊசிக்குப் பிறகு சிலருக்கு வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த வீட்டில் இரண்டு வருடமாக யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது.

காலையில் நான் காபியை வைத்துவிட்டுப் படுத்ததுமே அம்மா நெற்றியில் கை வைத்தாள். "சுடுது. ஏங்க, சுடுதுங்க இவளுக்கு." அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. வெயில்ல சுத்துனது."

"வாய மூடு. கெளம்பு, டாக்டர்ட்ட போவோம்."

"நான் லேப்லதாம்மா வேலை பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அவனுந்தான் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போனான்."

அவன் என்றால் என் அண்ணன் செங்குட்டுவன். அம்மா அவன் பெயரைச் சொல்வதில்லை. ஹாலில் படம் மாட்டவும் விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்டில் காய்ச்சலில் போனான். இருபத்தொன்பது வயது. எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவன். வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சோலார் விளக்கு போட்டுக் கொடுக்கப் போயிருந்தான், தொண்டாக. பாலம் உடைந்து சாலை இல்லாததால் அங்கேயே அடக்கம் செய்தார்கள். அப்பா அதைப் போனில் பார்த்தார். அம்மா பார்க்கவில்லை.

பகல் முழுவதும் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். என் இடது தோளில் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன ஊசி?" என்றாள். டெட்டனஸுக்குப் போட்டது என்றேன். கம்பி கிழித்தது என்றேன். எங்கே கிழித்தது காட்டு என்று கேட்காமல் விட்டாளே என்று இருந்தது.

மே 16

காய்ச்சல் இறங்கிவிட்டது. அம்மா தூங்காமல் இருந்திருக்கிறாள். மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்து, திருநீற்றை நெற்றியில் வைக்காமல் நாக்கில் வைத்தாள்.

மே 18

நான் போகப்போகும் ஆஸ்பத்திரியின் டாக்டர் போன் செய்தார். பெயர் கொரோமா. நிதானமான குரல், மெதுவான ஆங்கிலம். வேலையைப் பற்றிச் சொன்னார். ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு மேஜை, சாயங்கள் போதுமான அளவு இருக்கின்றன, ஸ்லைடுகள் கொண்டுவந்தால் நல்லது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு கேட்டார்.

"நீங்கள் செங்குட்டுவனின் தங்கையா? விண்ணப்பத்தில் தகப்பனார் பெயரைப் பார்த்தேன்."

ஆமாம் என்றேன்.

"எங்களிடம் கேள்வி கேட்க வருகிறீர்களா?"

"வேலை செய்யத்தான் வருகிறேன்."

"கேட்கவும் செய்யலாம். நானே என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்."

பிறகு அவராகவே சொன்னார். அந்த மழையில் பரிசோதனைக் கிட்டுகள் தீர்ந்துவிட்டன. பாலம் போனதால் புதிது வரவில்லை. மைக்ரோஸ்கோப் அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் மூன்று மாதம் முன்பே வேலையை விட்டு நகரத்துக்குப் போயிருந்தார். மலேரியாவை டைபாய்டு என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் அவனுக்கு நினைவு தப்பியது, அன்றிரவே போய்விட்டான்.

எனக்கு இது புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பே எழுத்தில் வந்தது. அப்பாவும் நானும் படித்தோம். அம்மாவிடம், வந்தது தெரியாமல் ஒரே நாளில் முடிந்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னோம். அப்பாதான் அப்படிச் சொல்லலாம் என்றார். நானும் சரி என்றேன். அது அப்படியே இருக்கட்டும்.

இவரிடம் கோபமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். போனை வைக்கும்போது, "ஸ்லைடு எத்தனை பெட்டி வேண்டும்?" என்றுதான் கேட்டேன்.

மே 21

கொசுவலையையும் நாலு செட் துணியையும் கொசு அண்டாமல் இருக்க மருந்துக் கரைசலில் முக்கி எடுத்து லேப் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் காயப்போட்டேன். வெயிலில் காயக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன். சாயங்காலம் நன்றாகக் காய்ந்ததும் மடித்துப் பையில் கட்டி மேடத்தின் அறையிலேயே வைத்துவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவி, துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அவளைத் தாண்டிப் போகையில் ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"எங்க போயிட்டு வர?"

"லேப்ல இருந்துதாம்மா."

எழுந்து வந்து என் துப்பட்டாவைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள். நீளமாக முகர்ந்தாள்.

"இந்த வாடை எனக்குத் தெரியும்."

"லேப்ல பினாயில்..."

"எனக்குத் தெரியும்டி. நம்ம கொல்லையில, கொடியில காயப்போட்டிருந்தான். நான்தான் எடுத்து மடிச்சேன். நாலு நாளு என் கையில இருந்துச்சு இந்த வாடை." துப்பட்டாவை விடவில்லை. "எந்த ஊருக்குப் போற?"

பெங்களூரு என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

"அங்கேயா?"

தலையை ஆட்டினேன். அம்மா துப்பட்டாவை விட்டாள். உட்கார்ந்து மறுபடி கீரையை ஆயத் தொடங்கினாள். காம்பையும் இலையையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மே 22

அம்மா பேசவில்லை.

மே 23

இன்று பேசினாள். என்னிடம் இல்லை, அப்பாவிடம். நான் பக்கத்து அறையில் இருப்பது தெரிந்தேதான்.

"பூட்ஸு வாங்கிக் குடுத்தீங்களாமே. கடைக்காரரு சொன்னாரு."

"அவ கேட்டா."

"அவனும் கேட்டான். அன்னைக்கும் நீங்கதான் கையெழுத்துப் போட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்புனீங்க. ஊரெல்லாம் பெருமை அடிச்சீங்க. ஒண்ணு போனது பத்தலையா உங்களுக்கு?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. போன் செய்தேன். ஒர்க்ஷாப்பில் இருக்கிறேன் என்றார். "உங்கம்மா சொல்றதுல என்ன தப்பு பாப்பா? நீ போக வேணாம்னு எனக்கும்தான் இருக்கு. உன்கிட்ட சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னுதான் பேசாம இருந்தேன்."

இதை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேனா? தெரியவில்லை. நின்றிருக்கமாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

மே 25

பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? கட்டிலில் விரித்துவைத்து அடுக்கினேன். கீழே பூட்ஸ், அதற்குள் சாக்ஸும் டார்ச் பேட்டரியும். ஸ்லைடு பெட்டிகளை டவலில் சுற்றி நடுவில். சாம்பார்ப் பொடி எடுக்கவில்லை, அதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது? அம்மா இரண்டு முறை அறை வாசலைத் தாண்டிப் போனாள். எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியாகப் பாஸ்போர்ட்டை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். வைத்த இடத்தில் இல்லை. எல்லா அலமாரிகளிலும் தேடினேன். மஞ்சள் அட்டை இருக்கிறது, பாஸ்போர்ட் இல்லை. வெள்ளிக்கிழமை ரயில்.

மே 26

அரிசி டிரம், சாமி அலமாரி, மெத்தைக்கு அடி. இல்லை. அம்மா காய் நறுக்கியபடி நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அதன்பின் இறங்கி வரமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்.

பெங்களூருக்குப் போன் போட்டு, ஒருவேளை வரமுடியாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். இந்த மழைக்கு வேறு ஆள் கிடைக்காது, அடுத்த வருடம்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மே 27

மதியம் லேபில் கூட்டம் இல்லை. மேடம் சாப்பிடப் போயிருந்தார். நான் மட்டும். கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். ஏழு வருடத்தில் ஒரு முறைகூட இங்கே வந்ததில்லை. வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள், முகம் கறுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் காய்கறிப் பை.

"உலகத்துல எத்தனையோ ஊரு இருக்கு. நீ ஏன் அங்க போற?"

"அங்க லேப்ல ஆள் இல்லம்மா."

"எப்பருந்து இல்ல?"

தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன். இவ ரத்தம் பாக்குறவ. அங்க போயி ரத்தம்தான் பாக்கப்போறா. அவன் போனப்ப பாக்க ஆள் இருந்திருந்தா இவ ஏன் போகணும்? சொல்லு. எத்தன நாள் கெடந்தான்?"

அப்பா பக்கத்தில் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாராவது நோயாளி வந்தால்கூடப் போதும் என்று கதவைப் பார்த்தேன்.

"அஞ்சு நாள்."

அம்மா காய்கறிப் பையை மடியில் வைத்தாள். பிறகு வலது கையை மேஜைமேல் நீட்டினாள். "என் விரல்ல குத்து. அங்க போயி என்ன செய்வியோ, அத இங்க செய்யி. நான் பாக்கணும்."

"அம்மா..."

"செய்யி."

மோதிர விரலைத் துடைத்துக் குத்தினேன். சொட்டு எடுத்து ஸ்லைடில் பரப்பினேன். காயவைத்தேன். சாயம் ஊற்றினேன், காத்திருந்தேன், கழுவினேன், மறுபடி காயவைத்தேன். ஏழு வருடமாகச் செய்யும் வேலை. அம்மா சுவர்க் கடிகாரத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸில் பார்த்து, "உனக்கு ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு" என்றேன்.

"இருந்தா எப்படி இருக்கும்?"

மலேரியா ரத்தம் பரப்பிய பழைய ஸ்லைடு ஒன்று இருந்தது, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருப்பது. அதை மாட்டி, சரிசெய்து, அவள் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். குனிந்து ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"வட்ட வட்டமா இருக்கே."

"அது ரத்த அணு. அதுக்குள்ள பாரு. சின்னதா மோதிரம் மாதிரி, ஓரத்துல ஒரு புள்ளி வச்சு."

ரொம்ப நேரம் தேடினாள்.

"இதுவா?"

"அதான்."

"இதப் பாக்கத்தான் ஆள் இல்லையா?"

"ஆமாம்மா."

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். "நீ குத்துனதுல இருந்து அரை மணி நேரம் ஆச்சு."

"அவ்வளவுதான் ஆகும்."

"அவன் அஞ்சு நாள் கெடந்தான். அதுல எத்தன அரை மணி நேரம் இருக்கு எழிலி?"

அம்மா அழவில்லை. குரல்தான் அடியிலிருந்து வந்தது.

"ரெண்டு வருசமா தெனம் கும்பிட்டேன். எம்புள்ளையப் படுக்கையில போட்டு வதைக்காம ஒரே நாள்ல கூட்டிக்கிட்டியே தாயின்னு நன்றி சொன்னேன். தப்பாம, தெனமும். நீங்க ரெண்டு பேரும் அதப் பாத்துட்டுத்தான இருந்தீங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவள் சாமி அலமாரி முன்னால் நிற்கும் நேரங்களில் அப்பா வாசலுக்குப் போய்விடுவார். நான் குளிக்கப் போய்விடுவேன்.

காய்கறிப் பையில் கைவிட்டாள். முருங்கைக்காய்களுக்கு இடையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஊசி குத்திய விரலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"சந்தோசமா போயிட்டு வான்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா போ. எவ பெத்த புள்ளையோ அங்க காய்ச்சல்ல கெடக்கும்."

ஆட்டோவில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று நடந்தே போனாள். மேடம் வந்து ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். சாயம் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

மே 28

அம்மாவும் அப்பாவும் காலையில் கொல்லையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவர் தோளில் கை வைத்தாள். ஆறுதலுக்கா, எழுந்திரியுங்கள் என்று சொல்வதற்கா, தெரியவில்லை.

மே 29

பெட்டியைத் தூக்கி நிறுத்திய அப்பா எடை அதிகம் என்றார். இரண்டு துணிகளை எடுத்தேன். ஸ்லைடை எடுக்கவில்லை.

மே 30, ரயிலில்

திண்டுக்கல் தாண்டிவிட்டது. மேல் பர்த்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

அம்மா ஸ்டேஷனுக்கு வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆட்டோவில் பெட்டியை ஏற்றியபின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து அப்பாவைத் தள்ளி உட்காரச் சொன்னாள். ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்த எல்லா விஷயங்களையும் அப்பா மறுபடி சொன்னார். தண்ணீர் காய்ச்சிக் குடி, மாத்திரையை விடாதே, சாயங்காலம் முழுக்கைச் சட்டை போடு. அம்மா பெஞ்சில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தெனம் போன் பண்றேம்மா."

"வேணாம்."

"ஏம்மா?"

"அவன் தெனம் பண்ணுனான். ஒரு நாள் வரல, மறுநாள் வரல. அந்த ரெண்டு நாளு நான் எப்படி இருந்தேன்னு எனக்குத்தான் தெரியும். அங்க மழை வரும், கரண்டு போகும், டவர் இருக்காது. நீ நல்லாத்தான் இருப்ப, நான் இங்க செத்துப் பொழைப்பேன். ஞாயித்துக்கெழம மட்டும் பண்ணு. அதுவும் முடியலன்னா அடுத்த ஞாயித்துக்கெழம பண்ணு. நான் இருந்துக்குவேன்."

சரி என்றேன். ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. அப்பா பெட்டியைத் தூக்கப் போனார். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"காய்ச்சல் வந்தா காய்ச்சல்னு சொல்லணும். ஆஸ்பத்திரியில படுத்தா படுத்திருக்கேன்னு சொல்லணும். அம்மா தாங்கமாட்டான்னு நீயும் உங்கப்பாவும் பேசி முடிவு பண்ணக்கூடாது. நான் தாங்குவேனா மாட்டேனான்னு நான் பாத்துக்கிறேன். என்ன?"

"சரிம்மா."

"எம்மேல சத்தியமா?"

"சத்தியமா."

கையை விட்டாள். ஏறிக்கொண்டேன். வண்டி நகர்ந்தபோது அப்பா கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தார். அம்மா இருந்த இடத்திலேயே நின்றாள். கையசைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நேராக, கண்ணை எடுக்காமல்.